மலைநாட்டு ரோட்டில் வாகனக் கணினி: நிற்கிற பஸ்ஸுக்கு ஒரு வேலை, ஓடுகிற லொறிக்கு ஒரு வேலை

கேள்வி, 8 பெப்ரவரி 2026, காலை (பூண்டுலோயா பக்கத்து வாசகர்)

புதுக் கார்களில் இருக்கும் கணினிகளை வயர்லெஸ் மூலம் ஒன்றாகக் கோர்த்தால் பெரிய டேட்டா சென்டரே வேண்டாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். சும்மா நிற்கும் வண்டியின் மூளையை இன்னொருவர் வாடகைக்கு எடுக்கலாமாம். ஹட்டன், நுவரெலியா ரோட்டில் இத்தனை வண்டிகள் ஓடுகின்றன. இங்கே டவர் குறைவு, வண்டி அதிகம். அதனால் நம் மலையகத்துக்குத்தான் இது முதலில் பொருந்தும் என்பது என் கருத்து. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

8 பெப்ரவரி, இரவு

பாதி சரிவரும். எந்தப் பாதி என்பதில்தான் சண்டை.

யோசனை பழையது. வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக்குக் கடன் வாங்கும் வேலையை வேற்றுக்கிரகத்திலிருந்து சிக்னல் வருகிறதா என்று தேடிய, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் செட்டி அட் ஹோம் (SETI@home) 1999இலேயே தொடங்கிவிட்டது. வேற்றுக்கிரகத்திலிருந்து யாரும் பதில் போடவில்லை. ஆனால் முகம் தெரியாத லட்சக்கணக்கானோரின் கணினிகளைச் சேர்த்து வேலை வாங்கலாம் என்பது உறுதியானது. அதை வண்டிகளுக்குக் கொண்டுவந்து யோசித்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்து ஸ்டீபன் ஒலாரியு. விமான நிலையங்களில் பயணிகள் நாள்கணக்கில் நிறுத்திவிட்டுப் போகும் கார்களையே ஒரு டேட்டா சென்டராக்கலாம் என்று அவரும் கூட்டாளிகளும் 2012இல் எழுதினார்கள். நீங்கள் பார்த்த வீடியோ அநேகமாக ஈலோன் மஸ்க்கின் பேச்சிலிருந்து வந்திருக்கும். 10 கோடி டெஸ்லா, ஒவ்வொன்றிலும் ஒரு கிலோவாட் அளவுக்குக் கணிக்கும் திறன், மொத்தம் 100 கிகாவாட் என்று 2024இல் கணக்குச் சொன்னார்.

அந்தக் கார்கள் வீட்டு வாசலில் சார்ஜரில் மாட்டியபடி நிற்பவை. நம் ரோட்டில் என்ன ஓடுகிறது? அரசாங்கத்தின் இ.போ.ச. சிவப்பு பஸ், ரோசா மினிபஸ், டொல்பின் வேன், ஆட்டோ, கொழுந்து லொறி. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். பெரும்பாலும் அதற்கு முன் வந்த வண்டிகளில்தான் நாம் போய் வருகிறோம். அவற்றுக்குள் இருக்கும் கணினிகள் எஞ்சினுக்கு எவ்வளவு எண்ணெய், எப்போது பிரேக் என்று பார்க்கும் சின்னப் பெட்டிகள். அவை தங்களுக்குள் பேசும் கம்பியில் வினாடிக்கு அதிகபட்சம் ஒரு மெகாபிட் போகும். வாடகைக்கு விட அங்கே ஒன்றும் இல்லை.

வண்டியில் இருக்கும் உண்மையான கணினி டிரைவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் போன்தான். நான் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன், அதனால் அப்படித்தான் சொல்வேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். திரை உடைந்து, மூளை நல்லபடி இருக்கும் போன்கள் கடை அலுமாரியில் குவிந்து கிடக்கின்றன. செட்டி தொடங்கிய காலத்து வீட்டுக் கணினியைவிட அவற்றுக்கு வேகம் அதிகம்.

9 பெப்ரவரி

ஓடுகிற வண்டிகளைக் கோர்ப்பது பற்றி. இதை நான் முயன்று பார்த்தேன்.

மச்சானின் பஸ்ஸில் ஒரு போன், தம்பியின் லொறியில் ஒரு போன். ஒன்றில் ஹொட்ஸ்பொட், மற்றதில் தானாக இணையும் ஏற்பாடு. நோர்வூட் ரோட்டு வளைவில் இருவரும் எதிரெதிரே கடக்கும்போது ஒரு சின்ன ஃபைல் மாற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே கதை. பெயர் தெரிகிறது, இணைகிறேன் என்கிறது, முகவரி வாங்கிக்கொண்டிருக்கிறது, அதற்குள் லொறி அடுத்த வளைவுக்குப் பின்னால் போய்விடுகிறது. மச்சான் ஹோர்ன் அடித்த நேரத்துக்குள் அதைவிட அதிகச் செய்தி போய்ச் சேர்ந்தது.

இணைவதற்கு முன் நடக்கும் இந்தக் கைகுலுக்கலின் தாமதம் தெரிந்த பிரச்சினைதான். வண்டிகளுக்கென்று 2010இல் வந்த 802.11p என்ற வயர்லெஸ் முறையில் அந்தச் சடங்கையே எடுத்துவிட்டார்கள். சந்தித்த உடனேயே பேசலாம், முன் அறிமுகம் வேண்டாம். சரி, அது கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு வண்டியும் மணிக்கு 30 கிலோமீற்றர் என்றால் ஒன்றையொன்று வினாடிக்கு ஏறக்குறைய 17 மீற்றர் வேகத்தில் கடக்கின்றன. நம் வளைவுகளில் முன்னால் 80 மீற்றர், பின்னால் 80 மீற்றர் தெரிந்தாலே பெரிய விஷயம். அப்படியென்றால் பத்து வினாடிகூட இல்லை. வழக்கமான 6 மெகாபிட் வேகத்தில், ஒரு பொட்டும் வீணாகாமல் போனால், 7 மெகாபைட். நிஜத்தில் அதில் பாதி. வேலையை அனுப்பி, கணக்குப் போடவைத்து, விடையைத் திருப்பி வாங்க அந்தப் பத்து வினாடி எந்த மூலைக்கு?

இந்த முறை பயன்படுத்தும் 5.9 கிகாஹேர்ட்ஸ் அலை மலையைச் சுற்றி வளையாது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பல நூறு மீற்றர் தூரம் எட்டும் என்று இருக்கும். அதெல்லாம் நேர் ரோட்டில். கடுகண்ணாவையில் ஏறத் தொடங்கினால் அந்தக் கணக்கை மறந்துவிட வேண்டியதுதான்.

9 பெப்ரவரி, பின்னேரம்

"5ஜி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று எழுதியவருக்கு: 5ஜி வேறு, வண்டிக்கு வண்டி நேரடிப் பேச்சு வேறு. செலுலார் முறையிலும் டவர் இல்லாமல் நேரடியாகப் பேசும் வழி 2017இன் 4ஜி தர விதிகளிலேயே வந்துவிட்டது. வளைவும் மலையும் அதற்கும் அதே வளைவும் மலையும்தான்.

இன்னொன்று. 1999இல் அமெரிக்கா வண்டிகளுக்கென்று 75 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையை ஒதுக்கி வைத்தது. இருபது வருடம் பார்த்துவிட்டு, 2020இல் அதில் 45ஐ எடுத்து வைஃபைக்குக் கொடுத்துவிட்டது. பணமும் நேர் ரோடும் உள்ள நாட்டிலேயே வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் காலம் அவ்வளவு மெதுவாகத்தான் வருகிறது.

11 பெப்ரவரி

இரண்டு நாளாக யோசித்ததில், ஓடுகிற வண்டியைக் கட்டிக்கொண்டு அழுவதை விட்டுவிட்டு நிற்கிற வண்டியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒலாரியு விமான நிலைய பார்க்கிங்கைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுதான் காரணம். மலைநாட்டில் அப்படி ஓர் இடம் எது?

நல்லதண்ணி! சிவனொளிபாதமலை ஏறத் தொடங்கும் ஊர்.

இப்போது சிவனொளிபாதமலை பருவகாலம் நடக்கிறது. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரைக்கும். சனி இரவு மஸ்கெலியா தாண்டிப் போனவர்களுக்குத் தெரியும், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை ஒட்டி வந்து சேரும் பஸ்களும் வேன்களும் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே ஒதுங்கி நிற்கும். ஆட்கள் ராத்திரி ஏறத் தொடங்கி, சூரிய உதயம் பார்த்து, கால் வலியோடு காலையில்தான் இறங்குவார்கள். அதுவரை வண்டி அசையாது. டிரைவர் பின்சீட்டில் போர்வைக்குள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் வண்டிகள், இடையில் வளைவு இல்லை, மலை இல்லை. சாதாரண வைஃபையே போதும். கைகுலுக்க அரை நிமிடம் எடுத்தாலும் ஒன்றும் குடிமுழுகாது.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் எல்லோரும் பயப்படுவது, வேலை பாதியில் இருக்கும்போது வண்டி கிளம்பிவிடுமே என்றுதான். விமான நிலையத்தில் ஒருவர் எப்போது திரும்புவார் என்பதை உத்தேசமாகத்தான் சொல்லலாம். இங்கே விடிவதற்கு முன் யாரும் இறங்கி வரமாட்டார்கள். மலை உச்சிதான் நேரக் காவலாளி. யாராவது ஒருவருக்குப் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி, குடும்பத்தோடு திரும்பிவிட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. ஒரே வேலைத்துண்டை இரண்டு வண்டிக்குக் கொடுத்துவிட வேண்டும். செட்டிக்குப் பின்னால் வந்த போயிங்க் (BOINC) மென்பொருள் செய்ததும் அதுதான். ஒருவர் கைவிட்டால் மற்றவர் முடிப்பார், இருவர் விடையும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

என்ன வேலை கொடுப்பது என்று கேட்பீர்கள். வரும் வழியில் டாஷ் கேமரா எடுத்த வீடியோவையே கொடுக்கலாம். கினிகத்தேனையிலிருந்து மேலே எங்கே மண் சரிந்து கிடக்கிறது, எங்கே ரோட்டோரம் புதிதாக வெடித்திருக்கிறது, எங்கே வடிகான் நிரம்பி ரோட்டில் ஓடுகிறது. பத்து பஸ்ஸின் வீடியோவை இந்த சிக்னலில் கொழும்புக்கு அனுப்ப முடியாது. ஆனால் பத்துப் பஸ்ஸும் இரவெல்லாம் சேர்ந்து பார்த்து "இந்த மைல்கல்லுக்கும் அடுத்ததுக்கும் இடையில் வெடிப்பு, போன வாரம் இல்லை" என்று ஒரு வரியாக்கினால், அது எஸ்.எம்.எஸ்ஸில் போய்விடும்.

12 பெப்ரவரி

பெட்டரி என்னாவது என்று கேட்டவர் கட்டாயம் டிரைவராகத்தான் இருக்க வேண்டும்.

கார் பெட்டரி 12 வோல்ட், 45 அம்பியர்-மணி என்றால் உள்ளே 540 வாட்-மணி. ஒரு லெப்டொப் 60 வாட் இழுத்தால் ஒன்பது மணி நேரத்தில் காலி. அதற்கு வெகு முன்பே ஸ்டார்ட் ஆகாது. விடியற்காலை நல்லதண்ணிக் குளிரில் பஸ்ஸைத் தள்ளச் சொன்னால், சாமி கும்பிட்டு வந்தவர்கள் வாயிலிருந்து என்ன வரும் என்று தெரியாது.

இதனால்தான் போன் என்கிறேன். முழு மூச்சில் வேலை செய்தாலும் ஒரு போன் 5 வாட் அளவுதான் தின்னும். எட்டு மணி நேரத்துக்கு 40 வாட்-மணி. பஸ்ஸின் இரண்டு பெரிய பெட்டரிக்கு இது கொசுக்கடி. அந்த எல்.ஈ.டி மாலைகளும் பாட்டுப் பெட்டியும் இழுப்பதோடு ஒப்பிட்டால் சொல்லவே வேண்டாம். குளிர் இன்னொரு வசதி. கொழும்பு வெயிலில் மூடிய பஸ்ஸுக்குள் போன் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நல்லதண்ணி இரவில் அந்தக் கவலை இல்லை.

மின்கார் வைத்திருப்பவர்கள் பாடு தனி. பழைய நிசான் லீஃப் ஒன்றின் 24 கிலோவாட்-மணியில் இருபதில் ஒரு பங்கைக் கொடுத்தாலே லெப்டொப் ஒன்று முழு இரவும் ஓடி மிச்சமிருக்கும். ஆனால் லீஃப்காரர் ஏற்றத்தில் ஒவ்வொரு வீதமாக எண்ணிக்கொண்டே வந்திருப்பார். கேட்டுப் பாருங்கள், தருகிறாரா என்று.

12 பெப்ரவரி, இரவு

வரலாற்றில் இலங்கையின் மிகச் சிறந்த வாகன டேட்டா சென்டர் 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டு நேரத்தில் பெற்றோல் ஷெட் வாசல்களில் இருந்தது. நூற்றுக்கணக்கான வண்டிகள், ஒன்றன் பின் ஒன்றாக, நாள்கணக்கில் அசையாமல். யாரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. கரண்டும் இல்லை என்பது சின்னக் குறை.

15 பெப்ரவரி

லிந்துலை நண்பர் ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். பருவகாலம் ஐந்தாறு மாதம், அதுவும் வார இறுதியில்தான் கூட்டம். மிச்ச நாளுக்கு? தோட்டத்துக்கு இதில் என்ன?

தோட்டத்தில் கொழுந்து லொறி இருக்கிறது. அது கணக்குப் போடத் தேவையில்லை, சுமந்தால் போதும். ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை கொழுந்தைச் சேர்த்து வைக்கும் ஒவ்வொரு மடுவத்துக்கும் போகிறது. கொழுந்தை எடை போட்டு, சாக்கு ஏற்றி முடிக்கும்வரை நிற்கிறது, பிறகு பெக்டரிக்குப் போகிறது. மடுவத்தில் சிக்னல் இல்லாத டிவிசன்கள் எத்தனையோ, பெக்டரியில் இணையம் இருக்கிறது. லொறி பத்து நிமிடம் நின்றால், மந்தமான 20 மெகாபிட் வைஃபையிலும் ஒன்றரை கிகாபைட் ஏறிவிடும். வளைவில் கடந்த பத்து வினாடியின் 7 மெகாபைட்டை இதோடு வைத்துப் பாருங்கள்.

இதுவும் செய்து பார்த்த வழிதான். இந்தியாவில் தாக்நெட் என்ற பெயரில் கர்நாடகக் கிராமங்களுக்குப் போய்வரும் பஸ்ஸில் வைஃபை பெட்டி வைத்துக் காணி ஆவணங்களைக் கொண்டுபோனார்கள். கம்போடியாவின் ரத்தனகிரியில் மோட்டார் சைக்கிள்கள் பள்ளிக்கூடங்களுக்கு மின்னஞ்சல் கொண்டுபோய்க் கொண்டுவந்தன. நம் நாட்டிலேயே கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியில் கசுன் டி சொய்சா, சமத் கெப்பிட்டியாகம குழுவினர் 2007இல் பஸ்நெட் என்று ஒன்றை எழுதினார்கள். பஸ்ஸில் உணரிகளைப் பொருத்தி ரோட்டின் குண்டு குழியையும் காற்று மாசையும் அளப்பது, பஸ் தரிப்பிடம் வந்ததும் தரவை இறக்குவது. இதற்கு வெளிநாட்டு வீடியோ பார்க்கத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியென்றால் என் பங்கீடு இதுதான். நிற்கிற வண்டி கணக்குப் போடட்டும். ஓடுகிற வண்டி சுமக்கட்டும். ஓடிக்கொண்டே கணக்குப் போட்டு, ஓடிக்கொண்டே இன்னொன்றோடு பேசுவது நேர் ரோட்டுக்காரர்களின் ஆசை.

16 பெப்ரவரி

"மழைமானி அளவையும் லொறியில் அனுப்பி மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கலாமே" என்கிறார்கள் இரண்டு பேர். கூடாது. மழை லொறிக்காகக் காத்திருக்காது.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் அளவுகள் பலருக்குத் தெரிந்தவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேறு. இந்தக் கணக்குக்குக் கூட்டுக் கணினி எதற்கு? மூன்று எண்களை ஒப்பிட மடுவத்துச் சுவரில் மாட்டிய ஒரு பழைய போன் போதும். அங்கேயே பார்த்து அங்கேயே சங்கு ஊத வேண்டும்.

அதோடு, மீரியபெத்தையை மறந்துவிட வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தையில் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். கணிப்பு ஒன்பது வருடம் முன்னால் வந்திருந்தது, போவதற்கு வேறு வீடுதான் வரவில்லை. எந்த வண்டியின் மூளையைக் கோர்த்தாலும் அந்தக் குறை தீராது. இந்த இழையில் அதை ஒரு தடவையாவது எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

1 மார்ச்

கொஞ்ச நாள் கடை வேலை.

இதற்கிடையில் டிட்வா புயல் நேரத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டவர்கள் விழுந்து, ரோடுகள் அறுந்து, யார் எங்கே என்று தெரியாமல் இருந்தோமே, அப்போது லொறிகள் செய்தி சுமந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று. நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். பிறகு அந்த நாட்களை நினைத்துப் பார்த்தேன். ரோடே இல்லாதபோது லொறி எங்கே ஓடும்?

எங்கள் பக்கம் ஒரு லொறி இரண்டு சரிவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. அதன் டிரைவர் எஞ்சினை விட்டு விட்டு ஓட்டி, சுற்றுவட்டார லயத்து ஆட்களின் போன்களுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். கெபினுக்குள் வயர்களும் போன்களுமாக ஒரே குவியல். சிக்னல் இல்லாத போனுக்குச் சார்ஜ் எதற்கு என்று யாரோ கேட்டார்கள். டோர்ச் அடிக்க, போட்டோ எடுத்து வைக்க, சரிவைத் தாண்டி நடந்து போகிறவனிடம் கொடுத்தனுப்ப. சரிவைத் தாண்டிப் போனவர்கள் கையில் மற்றவர்களின் செய்திகள் துண்டுக் காகிதத்தில் போயின.

ஆகவே பேரிடரில் வண்டிக்கு மூன்றாவது வேலை ஒன்று இருக்கிறது. மாட்டிக்கொண்ட இடத்தில் மின்சாரமும் சேமிப்பும் தருகிற தபால்பெட்டியாக நிற்பது. சரிவுக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி, நடுவில் நடந்து போகிறவரின் சட்டைப் பையில் ஒரு போன். அவர் ஒரு வண்டியருகில் வரும்போது செய்திகள் தானாக ஏறும், அடுத்த வண்டியருகில் தானாக இறங்கும். காகிதத் துண்டு செய்த அதே வேலை, நனையாமல்.

3 மார்ச்

பணம் பற்றி. டிரைவர் ஏன் சம்மதிக்க வேண்டும்?

மச்சானிடம் கேட்டேன். "ஒரு இரவுக்கு நூறு ரூபாய் ரீலோட் போட்டுவிடு, என்ன வேணும்னாலும் மாட்டிக்க" என்றார். முதலாளியிடம் கேட்டால் வேறு பதில் வரும், பெட்டரி அவருடையது. கட்டுரைகளில் புள்ளி, டோக்கன், ஏலம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஹட்டன் ஸ்டேண்டில் ரீலோட் போதும்.

நம்பிக்கைதான் கடினம், இரண்டு பக்கமும். என் போனில் ஓடும் வேலை என் படங்களைத் திறந்து பார்க்காது என்று எப்படித் தெரியும்? தனிப் போன் வைத்தால் இந்தக் கேள்வியே எழாது. பழைய போனில் சிம்மும் இல்லை, படமும் இல்லை. மறுபக்கம், டாஷ் கேமராவில் ரோட்டில் போகிறவர்களின் முகமும் வண்டி இலக்கமும் விழுகின்றன. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வீடியோ வண்டியைவிட்டு வெளியே போகாமல் வெடிப்பு இருக்கும் இடத்தை மட்டும் அனுப்பினால் பெரும் பகுதி தலைவலி குறையும். ஆனால் நல்லதண்ணியில் நான் சொன்ன ஏற்பாட்டில் ஒரு பஸ்ஸின் வீடியோத் துண்டு பக்கத்து பஸ்ஸுக்குப் போகிறதே? முகங்களை மங்கலாக்கிவிட்டுத்தான் பங்கிட வேண்டும். அந்த வேலையை அந்தந்த பஸ்ஸின் போனே செய்ய வேண்டும். இரவின் முதல் இரண்டு மணி நேரம் அதற்கே போகும் போலிருக்கிறது.

14 மார்ச்

கேள்வி கேட்ட பூண்டுலோயாக்காரர் திரும்ப வந்து, "அப்போ கார்கள் தேவையே இல்லை, போன்களை ஒரு அறையில் வைத்தால் போதுமே" என்று மடக்கியிருக்கிறார். நியாயமான மடக்கு. அறைக்கு வாடகை, கரண்ட் பில், அறைக்கு வீடியோவைக் கொண்டுவந்து சேர்க்கிற சிரமம். பஸ்ஸில் தரவு பிறக்கிறது, பஸ்ஸிலேயே கரண்ட் இருக்கிறது, பஸ் எப்படியும் நல்லதண்ணிக்குப் போகிறது. இந்த மூன்றும் ஒன்றாக இல்லாத இடத்தில் நானும் அறை பக்கம்தான்.

இப்போதைக்குச் செய்யப் போவது சின்னது. வெசாக்குக்கு முன் ஒரு சனி இரவு, மச்சானின் பஸ், அவருடைய கூட்டாளிகளின் இரண்டு பஸ், ஒவ்வொன்றிலும் கடையிலிருந்து இரண்டு போன். வீடியோவை நான் முதலே துண்டு போட்டு வைப்பேன். படத்தில் வெடிப்பைக் கண்டுபிடிக்கும் இலவச ஏ.ஐ. மொடல்கள் இருக்கின்றன. தார் ரோட்டில் பழக்கியவை நம் கொங்கிரீட் பட்டிகளிலும் சேற்றிலும் என்ன உளறும் என்று பார்க்க வேண்டும். துண்டுகளைப் பிரித்துக் கொடுத்துத் திரும்பப் பெறும் புரோகிராம் எழுதத் தெரிந்தவர் ஒருவர் தேவை. பைதன் மொழி தெரிந்தால் போதும். மலை ஏறத் தெரிய வேண்டியதில்லை, இரவு முழுக்க பஸ்ஸில் உட்காரத் தெரிந்தால் சரி. தேநீர் என் செலவு.